பத்து கம்ப்யூட்டர், நாற்பது பிள்ளைகள்: எல்லோர் கையும் படுவதற்கு ஒரு வழிமுறை

அரசுப் பள்ளிக்குப் புதிதாகப் பணிக்கு வந்திருக்கிறீர்கள், அல்லது ஏற்கெனவே இருக்கும் பள்ளியில் இந்த ஆண்டு லேப் பொறுப்பைத் தூக்கி உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவராகக்கூட நீங்கள் இருக்க வேண்டியதில்லை, தமிழோ சமூக அறிவியலோ நடத்துபவராக இருக்கலாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பொருள் வராமல் இல்லை. 2011 செப்டம்பரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். அப்புறம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், நடுநிலைப் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, பாடப்புத்தகத்தில் க்யூஆர் குறியீடு, கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி என்று வரிசையாக வந்தன. ஆனால் ஒரு பள்ளிக்குள் வந்து சேர்ந்த பொருள் அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்ந்ததா என்பது முற்றிலும் வேறு கணக்கு. அந்தக் கணக்கை அரசு போட முடியாது, பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் இணையதளம் போட முடியாது, வகுப்பில் நிற்கிற நீங்கள்தான் போட முடியும். ஒரு பிள்ளையின் கை விசைப்பலகையில் எத்தனை நிமிடம் இருந்தது? நான் பார்ப்பது இந்த ஒரே எண்ணைத்தான், கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிக் கூட்டுவது, எப்படிச் சமமாகப் பிரிப்பது என்பதுதான்.

முதலில் சாவி

எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பல பள்ளிகளில் லேப் பூட்டியே கிடப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு மவுஸும் ஏறியிருக்கும், ஒன்று காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவர் பயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தப் பயத்துக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுங்கள். பயன்பாட்டுப் பதிவேடு ஒன்று போட்டு, எந்த வகுப்பு, எந்த பீரியட், உள்ளே போகும்போது எத்தனை மவுஸ், கீபோர்டு, ஹெட்போன், வெளியே வரும்போது எத்தனை, பொறுப்பு யார் என்று கையெழுத்தோடு எழுதி வாரம் ஒரு முறை அவர் மேசையில் வையுங்கள். ‘நான் பொறுப்பு’ என்று ஒருவர் எழுத்தில் சொன்ன பிறகு பூட்டு பெரும்பாலும் தானாகத் திறந்துவிடும்.

உள்ளே போனதும் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எதன் எந்த விசை வேலை செய்யவில்லை, யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மானிட்டரின் மேலும் எண் ஒட்டிவிடுங்கள். பழுதுபார்ப்பு உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா, புகார் எங்கே பதிய வேண்டும் என்பதை தலைமை ஆசிரியரிடம் கேட்டு அதே தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். ‘கெட்டுப்போச்சு’ என்று வாயால் சொன்ன கம்ப்யூட்டர் அப்படியே கிடக்கும். புகார் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டிய கம்ப்யூட்டருக்கு ஆள் வருவார்.

வீட்டில் போன் இருக்கிறதா என்று கை தூக்கச் சொல்லாதீர்கள்

அடுத்தது, பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது. வகுப்பில் நின்று ‘யார் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கு, கை தூக்குங்க’ என்று கேட்டால் இல்லாத பிள்ளையும் தூக்கும். பக்கத்துப் பிள்ளைகள் பார்க்கிறபோது வேறென்ன செய்யும்? ஒவ்வொருவரிடமும் தனியாக, வேறு ஏதோ பேசும்போது கேளுங்கள். ‘இருக்கிறதா’ என்ற கேள்வி பாதிதான். யாருடைய போன், அவர் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவாரா, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், வந்த பிறகு அண்ணன் தம்பிகளில் யார் கைக்கு முதலில் போகும், ரீசார்ஜ் இருக்கிறதா, சார்ஜ் போட வீட்டில் கரண்ட் இருக்கிறதா, இவ்வளவும் கேட்டால்தான் ஒரு பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்று தெரியும். அப்பா கொத்தனார் வேலைக்குக் கொண்டுபோய் இரவு எட்டரைக்குத் திரும்பி வருகிற போன், கணக்கெடுப்பில் ‘வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு’ என்று ஏறிவிடும். அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்கு அது இல்லாத போன்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எண்களும் இருக்கின்றன. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் 2023இல் நடந்த ஏசர் (ASER) என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் 43.7 சதவீதம், பெண்களில் 19.8 சதவீதம். நாட்டின் ஊரகப் பகுதிகளில் எடுத்தது இது. உங்கள் வகுப்பில் விகிதம் வேறாக இருக்கலாம், ஆனால் திசை அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

விசாரித்து முடித்ததும் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். திரையை வீட்டில் தொடவே முடியாதவர்கள், எப்போதாவது தொடுபவர்கள், தாராளமாக இருப்பவர்கள் என்று மூன்று பிரிவு போதும். அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டக் கூடாது, வாட்சப்பில் போடக் கூடாது, சக ஆசிரியரிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் கூடாது. பிள்ளையின் வீட்டு நிலைமை அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம்.

நிமிடக் கணக்கு

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீரியட் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலிருந்து வரிசையாக வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எழுந்திருப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும், கடைசியில் அணைத்து எண்ணிப் பார்த்து வெளியேற ஐந்து நிமிடம். மிச்சம் 30. பத்து கம்ப்யூட்டர் ஓடினால் 300 நிமிடம் கையில் இருக்கிறது, 40 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு ஏழரை நிமிடம். நீங்கள் எதுவுமே செய்யாமல் ‘நாலு நாலு பேரா உட்காருங்க’ என்று சொல்லிவிட்டால் நாலு பேரில் ஒருவர் இருபத்தைந்து நிமிடம் மவுஸைப் பிடித்திருப்பார், இரண்டு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள், நாலாவது பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். யாரும் யாரையும் தள்ளியிருக்க மாட்டார்கள், சண்டை நடந்திருக்காது. வீட்டில் ஏற்கெனவே தெரிந்த பிள்ளையின் கை முந்தும், தெரியாத பிள்ளை கூச்சத்தில் பின்வாங்கும், அவ்வளவுதான். 1999இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் துளை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள், பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே தாங்களாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று உலகமெல்லாம் பேசப்பட்டது. பிற்பாடு அந்த மாதிரி இடங்களைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் சிலர், பையன்களே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் எழுதினார்கள். சும்மா விட்டால் சமமாகாது.

ஆகவே நான் செய்யச் சொல்வது இது. அன்றைய வேலையை நான்கு துண்டாக உடையுங்கள். உதாரணத்துக்கு ‘நம்ம ஊர்’ என்று நாலு வரி தட்டச்சு செய்ய வேண்டும் என்றால், ஊர்ப் பெயரும் எங்கே இருக்கிறது என்பதும் முதல் பிள்ளை, என்ன விளைகிறது என்பது இரண்டாவது, என்ன கோயில் என்ன திருவிழா என்பது மூன்றாவது, எழுத்தைப் பெரிதாக்கி வண்ணம் கொடுத்துச் சேமிப்பது நான்காவது. ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை, நேரம் பார்க்கிற பிள்ளை ‘மாறு’ என்று சொன்னதும் விசைப்பலகைக்கு முன்னால் இருப்பவர் எழுந்து கடைசி நாற்காலிக்குப் போய்விட வேண்டும், மற்றவர்கள் ஒரு இடம் நகர வேண்டும். வரியைப் பாதியில் விட்டாலும் எழுந்துவிட வேண்டும். உட்கார்ந்திருக்கிறவர் மட்டும்தான் மவுஸைத் தொடலாம், மற்றவர்கள் வாயால் சொல்லலாம், கை நீட்டக் கூடாது. இந்த ஒரு விதியை முதல் மாதம் விடாப்பிடியாகக் காப்பாற்றுங்கள். தெரிந்த பிள்ளைக்கு, தெரியாத பிள்ளை மெதுவாக எழுத்துத் தேடுவதைப் பார்க்கும்போது கை பரபரக்கும், ‘நான் பண்றேன் குடு’ என்று பிடுங்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும்.

யார் முதலில் உட்காருவது? உங்கள் பட்டியலில் ‘வீட்டில் தொடவே முடியாதவர்கள்’ முதலில். காரணத்தை வெளியே சொல்ல வேண்டாம், நாற்காலிக்கு எண் போட்டு எண்படி உட்கார வைத்தால் யாருக்கும் தெரியாது. ரேங்க் படி, மார்க் படி உட்கார வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பரிசாகக் கம்ப்யூட்டர் என்பது பல பள்ளிகளில் யாரும் யோசிக்காமலே ஒரு வழக்கமாக இருக்கிறது. அதன் விளைவு, ஏற்கெனவே உள்ளவருக்கே மேலும் மேலும் சேர்வதுதான்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். தன் முறையில் முழுதாக உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு கோடு, உட்காராதவருக்குக் காலி. இதைப் பிள்ளைகளே முறை வைத்து எழுதலாம். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவர்கள் தெரிவார்கள்: லேப் பீரியட் வருகிற கிழமையில் அம்மாவோடு சந்தைக்குப் போவதால் விடுப்பு எடுக்கிற பிள்ளை, அந்த நேரம் பார்த்து யாரோ எதற்கோ கூட்டிக்கொண்டு போகிற பிள்ளை, மாதத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு வராத பெரிய பெண்கள். விடுப்பு எடுத்தவர் முறை ரத்தாகக் கூடாது, அடுத்த வாரம் சேர்த்துக் கொடுங்கள். லேப் பீரியட்டில் எந்தப் பிள்ளையையும் வேறு வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று மற்ற ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வகுப்புகளுக்கும் இதே கணக்குதான். கரண்ட் போன பீரியட் அந்த வகுப்புக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி என்றும், பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் என்றும், ஏதோ ஒரு விவரம் பதிவேற்ற வேண்டும் என்றும் லேப்பை எடுத்துக்கொண்டே போவார்கள், பறிபோவது எப்போதும் ஆறாம் வகுப்பின் முறையாக இருக்கும். ஆறாம் வகுப்பு வந்து கேட்காது. நீங்கள் கேளுங்கள். நூலகப் பீரியட்டோடு சேர்த்து ஒரு ஏற்பாடு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, பாதி வகுப்பு நூலகத்தில், பாதி வகுப்பு லேப்பில், அடுத்த வாரம் மாற்றி. ஏழரை நிமிடம் பதினைந்து நிமிடம் ஆகும், புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்காமல்.

முதல் நாள் பாடம்

போனில் பழகிய பிள்ளை மானிட்டரை விரலால் குத்தும். மவுஸை நகர்த்தினால் அம்பு நகர்வது எல்லோருக்கும் உடனே பிடிபடாது, இரட்டைக் கிளிக் அதைவிடக் கஷ்டம். ஜிகாம்பிரி என்ற இலவச மென்பொருளில் மவுஸ், விசைப்பலகை பழக்கும் விளையாட்டுகள் இருக்கின்றன, விண்டோஸிலும், அதற்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸிலும் ஓடும், இணையம் வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்கு அது போதும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை இருந்தால் மவுஸை எடுத்து இடது பக்கம் வையுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து தமிழ்த் தட்டச்சு. ‘அம்மா’ என்று வர ஆங்கிலத்தில் ஒலியெழுத்தாக அடிக்கிற முறையைத்தான் பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த முறை ஆங்கில எழுத்து தெரிந்த பிள்ளைக்கு ஒரு படி, தெரியாத பிள்ளைக்கு இரண்டு படி. தமிழ்99 விசைப்பலகையில் தொடங்குங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். நடு வரிசையிலேயே இடது கைக்கு அ, இ, உ, ஃ, எ இருக்கும், வலது கைக்கு க, ப, ம, த, ந, ய இருக்கும். அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டும்போது முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அ, ப, ப, ஆ தட்டினால் ‘அப்பா’. ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளை இந்த இடத்தில் மற்றவர்களுக்குச் சமமாக, சில சமயம் முந்தியும் நிற்கும், முகத்திலேயே தெரியும். விண்டோஸில் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள் போட்டுக்கொள்ளலாம், லினக்ஸில் அமைப்புகளுக்குள்ளேயே தமிழ்99 இருக்கும். விசைகளில் தமிழெழுத்து ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், இல்லையென்றால் விசைப்பலகைப் படத்தை அட்டையில் வரைந்து மானிட்டருக்குக் கீழே நிறுத்துங்கள்.

செங்கல் சூளை, பின்னலாடை வேலை என்று வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு விசைப்பலகை கூடுதலாகச் சேர்த்து வைப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். தன் பெயரைத் தன் எழுத்தில் ஒரு முறை அடித்துப் பார்த்த பிள்ளை, தமிழில் அடிக்கவும் தயங்காது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்

இதை ‘முடிந்தால் பார்ப்போம்’ என்று கடைசிக்குத் தள்ள முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்வதும் அதுதான்: அரசு நிதி பெறும் பள்ளிகள் அவர்களை மற்ற பிள்ளைகளோடு சேர்த்து, தேவையான வசதி செய்து படிக்க வைக்க வேண்டும். நடைமுறையில் பாதி விஷயம் செலவே இல்லாதது.

பார்வையில்லாத பிள்ளைக்கு என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய திரைவாசிப்பான், முற்றிலும் இலவசம், தமிழையும் வாசிக்கும். பென்டிரைவில் ஏற்றி வைத்தால் எந்த விண்டோஸ் கணினியிலும் நிறுவாமலே ஓடும், ஆகவே அந்தப் பிள்ளையை ஒரே கம்ப்யூட்டரில் கட்டிப்போட வேண்டியதில்லை. லினக்ஸில் ஆர்கா என்று ஒன்று இருக்கிறது. தமிழ்க் குரல் இயந்திரக் குரல்தான், முதலில் காதுக்கு ஒட்டாது, வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கப் பழக்குங்கள். இந்தப் பிள்ளைக்கு மவுஸ் தேவையில்லை, டேப், அம்புக்குறி, என்டர் விசைகளே வழி. ஒரு நல்ல ஹெட்போன் மட்டும் அவசியம் வாங்குங்கள், இரைச்சலில் அந்தக் குரல் கேட்காது.

பார்வைக் குறைவு என்றால் விண்டோஸ் விசையோடு பிளஸ் விசையைத் தட்டினால் திரை பெரிதாகும். ஒரே கையால் தட்டுகிற பிள்ளைக்கு, ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் வருகிற வசதியை இயக்கி விட்டால் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியதில்லை, ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டலாம். காது கேளாத பிள்ளை இருந்தால் ‘மாறு’ என்று வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு பச்சை அட்டையையும் தூக்கிக் காட்டுங்கள், வீடியோ போடுவதற்கு முன் அதில் சொல்வதன் சுருக்கத்தைப் பலகையில் எழுதுங்கள். மெதுவாக வேலை செய்கிற பிள்ளைக்கு ஏழு நிமிடம் பத்தாது. நோட்டில் அவருக்கு இரண்டு முறை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், இங்கே நிமிடம் கூடுவதுதான் சமம்.

லேப் மாடியில் இருந்து சக்கர நாற்காலிப் பிள்ளை ஒருவர் இருந்தால், அவரைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். பெரிய பிள்ளைகள் தூக்குவார்கள், அன்போடுதான் தூக்குவார்கள், ஆனால் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். லேப்பைக் கீழே மாற்ற முடியவில்லை என்றால் ஒரு கம்ப்யூட்டரையாவது கீழ்த்தள அறைக்கு இறக்கி, அந்தப் பிள்ளையின் குழு முழுவதையும் அங்கே உட்கார வையுங்கள், தனியாக விடாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள், உங்கள் பள்ளிக்கு வருகிற நாளை லேப் பீரியட் நாளோடு பொருத்தச் சொல்லுங்கள்.

இணையம் வராத நாளில்

வரும் என்று நம்பிப் பாடம் தயார் செய்யாதீர்கள். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். ஃபெட் (PhET) என்று, திரையிலேயே செய்து பார்க்கிற கொலராடோ பல்கலைக்கழகத்தின் அறிவியல் சோதனைகள் இருக்கின்றன, பலவும் தமிழில் கிடைக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக இறக்கினால் இணையமில்லாமல் உலாவியில் திறக்கும். மின்சுற்று பாடத்துக்கு அதைக் காட்டிப் பாருங்கள், பல்பு எரிகிறபோது பிள்ளைகள் போடும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். பாடப்புத்தக க்யூஆர் காணொளிகளில் இந்த மாதம் தேவையானவற்றை சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் இறக்கி பென்டிரைவில் கொண்டு வாருங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே கோப்புறைப் பெயரில், தமிழில் பெயரிட்டு வையுங்கள், பிள்ளைகள் உங்களைக் கேட்காமல் திறக்க வேண்டும்.

வீட்டுப்பாடம்

லேப்பில் சமமாக்கியதை வாட்சப் குழுவில் கெடுத்துவிடலாம். 2020இல் பள்ளிகள் மூடியபோது வந்த பழக்கம், இன்னும் போகவில்லை. ‘குரூப்ல போட்டேனே, பாக்கலியா?’ என்று காலையில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிற பிள்ளையை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். குழுவில் போடுவது எதுவும் அதற்கு முன்னால் கரும்பலகையில் எழுதியதாக இருக்கட்டும். போன் இல்லாமல் செய்ய முடியாத வீட்டுப்பாடத்தை மதிப்பெண்ணோடு சேர்க்காதீர்கள். காணொளி எடுத்து அனுப்பு, படம் இறக்கி ஒட்டு, கலர் பிரிண்ட் எடுத்து வா என்பதெல்லாம் பிள்ளைக்கு வைக்கும் தேர்வா, பெற்றோர் பர்ஸுக்கு வைக்கும் தேர்வா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அப்படி ஒரு வேலை கட்டாயம் வேண்டுமென்றால் மதிய இடைவேளையிலோ மாலை அரை மணி நேரமோ லேப்பைத் திறந்து வைத்து அங்கேயே செய்யச் சொல்லுங்கள், கடைசி பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மதிய நேரத்தை ஒதுக்கிவிட்டு.

பெண் பிள்ளைகளுக்குப் போன் தரத் தயங்கும் பெற்றோரிடம் சண்டை போட வேண்டாம், அவர்களை லேப்புக்கு அழைத்து வந்து மகள் என்ன செய்கிறாள் என்று காட்டுங்கள். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் மாலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வதை எதிர்த்து நீதிமன்றம் போனார், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு முறை இதைச் சொல்லிப் பாருங்கள், எங்கள் பக்கம் அம்மாக்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

பணம், பழைய கம்ப்யூட்டர், பாதுகாப்பு

பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆறு ஹெட்போன், இரண்டு மவுஸ், யுபிஎஸ் பேட்டரி என்று குறிப்பாக எழுதி, உங்கள் நோட்டையும் காட்டித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ‘லேப் மேம்பாடு’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். முன்னாள் மாணவர்களும் ஊராட்சியும் குறிப்பான பட்டியலுக்குத்தான் கை கொடுக்கிறார்கள். பெரிய தொகை என்றால், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டுகிற ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக நிறுவனங்களிடம் கேட்கலாம்.

பழைய கம்ப்யூட்டர் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். ஓடாதவற்றை வாங்கிச் சேர்த்தால் பதிவேடு நீளும், அறை நிறையும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஓடுகிற பழைய கம்ப்யூட்டரில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்று போட்டால் தட்டச்சுக்கும் கிவிக்ஸுக்கும் சில ஆண்டுகள் வரும். சின்னப் பழுதுகளுக்குப் பிள்ளைகளிலேயே ஒரு குழு பழக்குங்கள், கேரளத்தில் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் பள்ளிக்குப் பள்ளி மாணவர் குழுக்கள் தொடங்கியிருக்கிறார்கள். குழுவில் பாதி பெண் பிள்ளைகள் இருக்க வேண்டும், ஸ்குரூ டிரைவர் அவர்கள் கையிலும் இருக்க வேண்டும், பெருக்குமாறு மட்டும் அவர்களுக்கு என்று ஆகிவிடக் கூடாது.

பிள்ளைகளின் பெயரில் கணக்குத் தொடங்கும்போது பெற்றோர் ஒப்புதல் வாங்குங்கள், பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள், எழுந்து போகும்போது வெளியேறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பழக்குங்கள். இணையத்தில் யாராவது தொல்லை கொடுத்தால் உங்களிடம் சொல்லலாம், சொன்னால் திட்ட மாட்டீர்கள், லேப் முறையும் பறிபோகாது என்று முதலிலேயே உறுதி சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பணிமாறுதல் வரும்போது

கலந்தாய்வில் உங்களுக்கு வேறு ஊர் கிடைத்துவிட்டால், உங்களோடு சேர்ந்து லேப்பும் நின்றுவிடக் கூடாது. போவதற்கு முன்னால் எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி கவரில் ஒட்டித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். நிமிடக் கணக்கு நோட்டு, புகார் எண் எழுதிய தாள், இறக்கி வைத்த பாடங்களின் பென்டிரைவ் மூன்றையும் அடுத்து வருபவரிடம் நேரில் கொடுங்கள், நேரில் முடியாவிட்டால் பழுது பார்க்கிற பிள்ளைகள் குழுவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு பீரோவில் வையுங்கள். வீட்டு நிலைமைப் பட்டியலை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, தாளைக் கிழித்துவிடுங்கள்.